ஏரிக்கடியில் கல் நடந்தது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஏப்ரலில் பக்கத்து வீட்டு ஆர்லிஸ் ட்வைட் ஒரு பாத்திரம் நிறையக் காட்டரிசி சூப்போடு என் சமையலறைக்குள் வந்தாள். வயது அறுபத்திரண்டு. துலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் குரலுக்கு அடங்காத பிள்ளை இந்தத் தெருவில் கிடையாது. சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"நீ கதை எழுதுறவதானே? எனக்கு ஒண்ணு சொல்லணும். ஆனா உன் பாஷையிலதான் எழுதணும்."

"ஏன்?"

"என் பாஷையில எழுதினா அந்த ஆள் படிச்சிருவான்."

அந்த ஆள், டெல்மர். அவளுடைய முன்னாள் கணவன். (அவர் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஆர்லிஸின் தோளுக்குப் பின்னால் நின்று எழுதுவதால் 'அவன்'தான் வருகிறது. விட்டுவிடுகிறேன்.) விவாகரத்தாகிப் பதினொரு வருடம். வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், படகைப் பிரித்துக்கொண்டார்கள், நாய்கூட அவளோடு வந்துவிட்டது. பிரிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: மீன்பிடிக்கிற மடக்குக் கூடாரம். அடியில் சறுக்குவண்டி, அதில் இரண்டு இருக்கை, பின்னாலிருந்து முன்னால் இழுத்து மூடுகிற துணிக்கூரை. குழந்தை தள்ளுவண்டியின் மூடாக்கு போல, ஆனால் இரண்டு பெரியவர்களை விழுங்குகிற அளவு. அதைப் பாதியாக வெட்ட எந்த நீதிபதியாலும் முடியாது. அதனால் ஏரி உறைகிற வருடங்களில் எல்லாச் சனிக்கிழமையும் இருவரும் அதற்குள் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள்.*

* வேறு ஏரிகளில் மரவீட்டையே இழுத்துப்போய் மூன்று மாதம் நிறுத்திவைப்பார்கள். எங்கள் சுப்பீரியர் ஏரியில் யாரும் அப்படிச் செய்வதில்லை. காலையில் நாம் நின்ற பனி மதியம் அங்கே இருக்கும் என்று இந்த ஏரி யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று பல நாள் திண்டாடினேன்.

முதல் தொடக்கம்: "எல்லையில்லாத வெண்மையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளியாக அந்தக் கூடாரம்" (போதும். இது நாட்காட்டிப் படம்.)

இரண்டாவது: "அன்பு என்பது இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருக்கும்" (அடித்துவிட்டேன். ஆர்லிஸுக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால் சூப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.)

மூன்றாவது தொடக்கம் அவளே சொன்னது. "சும்மா சொல்லு. சனிக்கிழமை, பிப்ரவரி, காலையில பத்து மணி. அவன் கையுறையைத் தொலைச்சிருந்தான்." அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சனிக்கிழமை. பிப்ரவரி. காலை பத்து மணி. டெல்மர் ஒரு கையுறையைத் தொலைத்திருந்தான்.

"அறுபத்தஞ்சு வயசாச்சு, ரெண்டு கையுறையை ஒண்ணா வெச்சுக்கத் தெரியல" என்றாள் ஆர்லிஸ், வண்டிக் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தபடி.

"ரெண்டா இருக்கிறது எதுவும் நம்மகிட்ட ஒண்ணா நிக்கிறதில்லையே தாயே."

"ஆரம்பிச்சிட்டான்யா."

லெஸ்டர் நதி ஏரியில் கலக்கிற இடத்திலிருந்து கால் மைல் உள்ளே போனார்கள். கரையோரம் இன்னும் பத்துப் பதினைந்து கூடாரங்கள் இருந்தன. இவர்களுடையதுதான் எல்லோருக்கும் அப்பால். டெல்மர் துளைப்பானால் இரண்டு துளை போட்டான், பக்கம் பக்கமாக. பனி ஏழு அங்குலம். அவன் சில்லுகளை அள்ளிக் கொட்டினான், அவள் கூரையை இழுத்து மூடினாள்.

உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் நடப்பது நடந்தது.  வெளிச்சம் கீழிருந்து வந்தது. வெயில் பனிக்குள் புகுந்து, தண்ணீருக்குள் பரவி, இரண்டு துளைகள் வழியாக மேலே எழும்பியது. டெல்மரின் தாடி அடியிலிருந்து பச்சையாக ஒளிர்ந்தது. குனிந்து பார்த்தால் முப்பதடி ஆழத்தில் ஏரியின் தரை. அங்கே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, நிழலோடு கிடந்தது. அவள் தூண்டிலுக்கு நேர் கீழே ஒரு சிவந்த கல், நடுவில் வெள்ளை வரியோடு.

ஒரு மணிநேரம் யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது இந்தக் கூடாரத்தில் மட்டும் அவர்களுக்குச் சண்டையாக இருந்ததில்லை.

பிறகு அந்தச் சிவந்த கல் நகர்ந்தது.

முதலில் தலைசுற்றல் என்று நினைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். கல் துளையின் விளிம்புக்குப் போயிருந்தது. அதன் பின்னாலேயே ஒரு கறுப்புக் கல் வந்தது. அதற்குப் பின் சாம்பல் நிறத்தில் மூன்று. எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே திசையில், கரையைப் பார்த்து நடந்தன. ஒரு சத்தமில்லை, ஒரு அதிர்வில்லை. ஏரியின் தரை முழுவதும் அவள் காலடியில் ஊர்வலம் போனது.

4

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

கல் நடக்காது. காற்று வடமேற்குக்குத் திரும்பி, இவர்கள் உட்கார்ந்திருந்த பனிப்பாளம் கரைப்பனியிலிருந்து பிரிந்து ஏரிக்குள் போகத் தொடங்கிவிட்டது. நாற்பது வருடமாக இந்தப் பனியில் நடப்பவள் ஆர்லிஸ். அவளுக்கு அது தெரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என் முதல் பிரதியில் "சில நொடிகளில் அவள் கத்தினாள்" என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது அவள் மேசையைத் தட்டினாள்.

"பொய் எழுதாதே. அதைச் சொல்லத்தானே உன்கிட்ட வந்தேன். எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். கூடவும் இருக்கும்."

"பயத்துலயா?"

"பயமா!" அவள் தன் கைகளைப் பார்த்தாள். "நான் ரொம்பச் சின்னதா ஆயிட்டேன். எவ்வளவு சின்னதுன்னா, எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லங்கற அளவுக்கு. அந்த மாதிரி ஒண்ணை அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. வாயைத் திறந்தா அது நின்னுரும்னு தோணிச்சு. பக்கத்துல ஒருத்தன் இருக்கான்ங்கறதே மறந்துபோச்சு."

இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்; உங்களுக்கும். ஒரு மனுஷியை நல்லவளாக எழுதுவது எளிது, ஒரு வரியை மாற்றினால் போதும். நான் மாற்றவில்லை. முதல் நிமிடத்தில் பாளத்துக்கும் கரைப்பனிக்கும் நடுவே இடைவெளி ஒரு காலடி அகலம்தான் இருந்திருக்கும். தாண்டியிருக்கலாம்.

5

அவள் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "யோவ், நாம போயிட்டிருக்கோம்."

டெல்மர் கூரையைத் தூக்கி வெளியே ஓடினான். கரைப்பனிக்கும் அவர்களுக்கும் நடுவே இருபதடிக் கருந்தண்ணீர், ஆவி பறக்க. ஓரம் எவ்வளவு தாங்கும் என்று காலை வைத்துப் பார்த்தான். அது கூழாக இருந்தது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். ஆர்லிஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, உருளைக்கிழங்கு மூட்டையை இழுப்பதுபோல இழுத்துப் போட்டாள்.

கரையில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள். யாரோ தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். மீட்புப் படகு வந்துசேர முக்கால் மணிநேரம் ஆகும் என்று பதில் வந்தது. பாளம் ஒரு கல்யாண மண்டபத்தின் அளவு. அதன் நடுவே கூடாரம் காற்றை வாங்கி விம்மியது. விம்மும்போதெல்லாம் காலடியில் பனி முன்னால் இழுபடுவதை அவளால் உணர முடிந்தது.

"கூடாரத்தை இறக்கணும்" என்றாள். "அது பாய்மரம் மாதிரி நம்மளை இழுக்குது."

"இறக்கினா என் கால் போயிரும் ஆர்லிஸ். பூட்ஸ் முழுக்கத் தண்ணி."

"இறக்கலேன்னா அக்கரைக்கு, விஸ்கான்சினுக்கே போயிருவோம்."

"அங்கயும் பீர் கிடைக்கும்."

பல் கிட்டிப் பேச்சு குழறியது அவனுக்கு. அவள் கூரையின் கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவனை இருக்கையில் உட்காரவைத்தாள், பூட்ஸைக் கழற்றினாள், ஈரக் காலுறையை உருவினாள். கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, அந்த வெறுங்காலைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ஐஸ்கட்டியை விழுங்கியது போலிருந்தது. பிறகு தளர்ந்த துணியைத் தங்கள் தலைக்கு மேல் இழுத்து, ஓரங்களை முழங்காலால் அமுக்கி, போர்வையாக்கினாள்.

மறுபடி இருட்டு. மறுபடி வெளிச்சம் கீழிருந்து.

"பாரு" என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருவரும் தலையோடு தலை முட்டி ஒரே துளைக்குள் பார்த்தார்கள். கற்கள் இப்போது வேகமாகப் போயின. பிறகு கற்கள் முடிந்தன. தரை சரிந்து, ஒரு மலையின் உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல, கீழே, இன்னும் கீழே போனது. பச்சை நீலமாகி, நீலம் இருளாகி, அந்த இருளுக்குள்ளும் வெயில் கோடுகோடாக இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயும் போய்த் தொடவில்லை. அந்தக் கோடுகளுக்கு நடுவே வெள்ளி மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே உடம்பாகத் திரும்பின.

"ஆண்டவனே" என்றான் டெல்மர். திட்டும்போது அவன் அந்தச் சொல்லை எடுப்பது வழக்கம். அன்றைக்குத் திட்டவில்லை.

படகு வந்தபோது பாளம் கரையிலிருந்து ஒன்றரை மைல் போயிருந்தது. டெல்மரின் இடது காலில் இரண்டு விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

6

அந்த இரண்டு விரல்களின் குற்றவுணர்வுதான் சூப்போடு என் வீட்டுக்கு வந்தது. ஆர்லிஸ் வாரம் மூன்று முறை அவனுக்குச் சமைத்துக் கொண்டுபோனாள். ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

இனி முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் சொல்லிவிடுகிறாள், அவன் மன்னிக்கிறான், தேவாலயத்தில் இரண்டாம் கல்யாணம். (இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

(ஆ) அவள் சொல்லிவிடுகிறாள், அவன் கூடாரத்தைக் கத்தியால் கிழித்து (இல்லை. டெல்மர் ஒரு நல்ல கூடாரத்தைக் கிழிக்கிற ஆள் இல்லை.)

(இ) அவள் சொல்லாமலே

இந்த வரியில் நின்றுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இதை நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இதைவிட நம்பும்படி புனைந்திருப்பேன். டெல்மர், கைத்தடியோடு. (ஆர்லிஸ் பக்கத்தில் இல்லாததால் இப்போது 'அவர்' வருகிறது.)

"அவ உன்கிட்ட எங்க கதையைச் சொன்னாளாமே" என்றார். "கல்லு நகர்ந்ததை எழுதினியா?"

 கூரையைத் தூக்கி ஓடும்வரை அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதுதானே என் கதை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் துளை அவ துளைக்கு ரெண்டடி பக்கத்துல. அவ பார்க்கறதுக்கு முன்னாடியே என் தூண்டில் நூல் சாஞ்சுபோச்சு. குனிஞ்சு பார்த்தேன். அப்புறம்..." கையைத் தூக்கினார், விட்டுவிட்டார். "சொல்லணும்னுதான் இருந்தேன். இன்னும் ஒரு கல்லு, இன்னும் ஒரு கல்லுன்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். விரல் போனது எனக்கு நியாயம்தான். ஆனா அவளும் போயிருப்பாளே, என்னால. பாவம், அவ பார்த்த உடனே சொன்னா."

கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"அவகிட்ட சொல்லிராதே."

7

ஒரு கூடாரத்துக்குள் இரண்டு பேர், ஒரே அதிசயத்தை, தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டு, இருவரும் வாயை மூடிக்கொண்டு. இதில் பயங்கரம் அதிகமா, அழகு அதிகமா என்று எடைபோட இத்தனை மாதமாக முயன்றேன். தராசு நிற்கவில்லை.

இன்று ஜனவரி, சனிக்கிழமை. ஏரி மறுபடி உறைந்திருக்கிறது. என் சன்னலிலிருந்து பார்த்தால் சிவப்புக் கூடாரம், வழக்கம்போல எல்லோருக்கும் அப்பால். சற்றுமுன் எதிர்வீட்டுப் புகை திரும்பி ஏரிப்பக்கம் சாய்ந்தது. வடமேற்கு. ஆர்லிஸை அழைத்தேன்.

"காத்து திரும்பிருச்சு."

"தெரியுது. கிளம்பறோம், கிளம்பறோம்." குரல் தாழ்ந்திருந்தது, தேவாலயத்துக்குள் பேசுவதுபோல.

"கல்லு?"

"அதது இருந்த இடத்துலதான் இருக்கு."

"நகர்ந்தா உடனே சொல்லுவியா ஆர்லிஸ்?"

பின்னால் டெல்மர், "யாரு அது? என்ன கேக்கறா?" என்பது கேட்டது.

அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்துவிட்டேன். அது அவளுடையது. அவர்கள் கிளம்பும்வரை நான் சன்னலைவிட்டு நகரப்போவதில்லை. அதனால் இதற்குமேல் எழுதவும் முடியாது. அந்த இரண்டு இருக்கைகளில் ஒன்றில் நீங்கள் உட்காருங்கள். கூரையை இழுத்து மூடுங்கள். கண் பழகட்டும். முப்பதடிக்குக் கீழே, பச்சை வெளிச்சத்தில், ஒரு கல் மெல்ல நகர்கிறது. பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கிறது.

வாயைத் திறக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?