கண் பரிசோதனைக்குப் போன கதை

கண்ணாடிக் கடைக்காரர் ஒன்பது வருடமாக ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்துவந்தார். தங்கைக்குக் கண்ணில் ஆபரேஷன், அதனால்தான் மூன்று மாதம் வீட்டில் இல்லை என்பது அவர் ஊருக்குச் சொன்ன கதை. கேட்பவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியா, இப்ப பார்வை தேவலையா?" என்று விசாரிப்பார்கள். அவள் போனது மனநல மருத்துவமனைக்கு என்பது மறுநாள் காலையில், பால் வருவதற்கு முன்பே தெருக்கோடி வரை தெரிந்துபோன சங்கதி. தெரிந்துவிட்டது என்பது தெரியாத ஒரே ஆள் கடைக்காரர்தான்.

அந்தத் தங்கைக்கு இப்போது தெருவில் பெயர் பத்திரிகைக்காரி. சலவைக் கடையின் மாடியில் ஒரே ஒரு அறை. கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறிவரும். புதன்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் கூடும். மனம் ஒருமுறையாவது காலை வாரிவிட்ட ஆட்கள்தான் அதை நடத்துகிறார்கள், அப்படிப்பட்டவர்கள்தான் வருகிறார்கள். பேசலாம், அழலாம், சும்மா உட்கார்ந்துவிட்டும் போகலாம். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் அவர்தான் டீ போடவேண்டும். ஒருமுறை ஒரு டாக்டர் வந்தார். பத்தே நிமிடத்தில் அவர் அடுப்பைப் பற்றவைக்கும்படி ஆயிற்று.

மற்ற நாட்களில் அதே அறைதான் பத்திரிகை ஆபீஸ். 'நலமா?' என்று மாதம் ஒரு நாலு பக்கம். முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே மூச்சு முட்ட ஆரம்பித்ததும் வேலையை விட்டவர்; மவுஸைப் பிடித்தால் ஒன்றும் முட்டுவதில்லையாம். பேட்டி எடுப்பது தையல்காரி. அவள் காதில் இரண்டு குரல்கள் கேட்கும். அதில் ஒன்று நல்ல கேள்வியாக எடுத்துக் கொடுக்கிறது என்று அவளே பெருமை அடித்துக்கொள்வாள்.

பத்திரிகைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அவர் கையில் தாளையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்துவிட வேண்டும். அவர் அடித்தால் அடித்ததுதான், ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு பெரிய பத்திரிகை தையல்காரியைக் கேட்காமலே 'பரிதாபப் பெண்' என்று படத்தோடு போட்ட பிறகு, பத்திரிகைக்காரி கொதித்துப்போய்க் கொண்டுவந்த சட்டம் அது.

அவளே அதை மறந்ததுதான் வேடிக்கை.

இந்த மாதம் முதல் பக்கத்தில் 'கண் பரிசோதனை' என்ற தலைப்பில் அவளுடைய சொந்தக் கதை. கண் பரிசோதனைக்கு என்று சொல்லி அண்ணன் கூட்டிக்கொண்டு போனது, மருத்துவமனை வாசலில் விட்டது, பிறகு நடந்தது எல்லாம். கடைசி வரி: 'வாசலில் விட்டுப் போன அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.' ஒன்பது வருடமாக மனசுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வரி. அதைப் படித்துவிட்டு டிரைவர் தாடையைச் சொறிந்தார்.

"ஏம்மா, உங்க அண்ணன் இதைப் பார்த்தாரா?"

"அவர் எதுக்குப் பார்க்கணும்? இது என் கதை."

"கதை உங்களோடதுதான். அதுல ஆள் அவராச்சே."

"அவர் நம்மள மாதிரி இல்லையே," என்றாள் தையல்காரி. "விட்டுட்டுப் போனவருக்கு எல்லாம் பேனாவா?"

"சட்டத்துல அப்படி எழுதலையேம்மா," என்றார் டிரைவர். "நானா எழுதினேன்?"

எழுதியவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். நாலு மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

கண்ணாடிக் கடையில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். இந்த ஒன்பது வருடத்தில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மழை வருமா, குழாயில் தண்ணீர் வந்ததா என்ற அளவில் பேச்சு உண்டு. அவள் தாளையும் சிவப்புப் பேனாவையும் நீட்டிச் சட்டத்தைச் சொன்னாள். ஊருக்கே கண்ணாடி விற்கிற மனிதர் தன் கண்ணாடியைக் காணாமல், விற்பனைக்கு இருந்தவற்றில் மூன்றை மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் பூப்போட்ட ஒரு லேடீஸ் கண்ணாடி சரியாக இருந்தது.

அவர் படிக்கப் படிக்க அவள் அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்தாள். கண் பரிசோதனை என்பதை அடித்துவிட்டால் தலைப்பே போயிற்று. ஒன்பது வருஷப் பொய் ஆயிற்றே, விடுவாரா?

அவர் அதைத் தாண்டிப் போனார்.

"ஆபரேஷன்னு சொன்னதையும் எழுதிட்டியா? சரிதான். தெருவுக்கெல்லாம் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு," என்றாள் அண்ணி, கண்ணாடி துடைத்தபடியே. "உங்களுக்குத்தான் யாரும் சொல்லல. பாவம்னு விட்டுட்டாங்க."

கடைக்காரர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றி, கடைசி வரியின் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டார்.

பத்திரிகைக்காரிக்கு முகம் சிவந்தது. தலைப்பை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அண்ணா, அந்த ஒரு வரி மட்டும்..."

"ஏன்னு கேட்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"நான் கண்ணால பார்த்தேன். கேட் மூடுற வரைக்கும் பார்த்தேன். நீ திரும்பவே இல்ல."

"கேட் மூடுற வரைக்கும்," என்றார் அவர். "மூடினப்புறம்?"

மூடிய பிறகு அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்களே.

"பின்பக்கச் சுவர் ஓரமா சுத்தி வந்தேன். எந்த ஜன்னல் உன்னோடதுன்னு தெரியல. எல்லாத்தையும் பார்த்துட்டு நின்னேன். இருட்டுறப்ப வாட்ச்மேன் வந்து விரட்டினான்."

பத்திரிகைக்காரி யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. "சுவர் என்ன கலர்?"

"வெள்ளை. சுண்ணாம்பு. தொட்டா ஒட்டும்."

"ஒட்டும்தான்," என்றாள் அண்ணி. "நெஞ்சு முழுக்க அப்பிக்கிட்டு வந்து நின்னார். எங்க போய் விழுந்தீங்கன்னு கேட்டேன், வாயே திறக்கல. அந்தச் சட்டையை மூணு தடவ துவைச்சேன்."

பையில் போன் அடித்தது. அச்சகத்துக்காரர். "அம்மா, மெஷின் சும்மா நிக்குது. பக்கம் வருதா வரலையா?"

வரியை எடுத்துவிட்டு அனுப்பலாம், கட்டுரை நொண்டாது. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் அண்ணனிடம் மழையைப் பற்றி மட்டும் பேசிவந்தாள். அதை எடுத்துவிட்டால் நாளையிலிருந்து இவரிடம் எதைப் பேசுவது?

"இன்னைக்கு இல்லைங்க," என்றாள் போனில். "செய்தி முடியல." அச்சகத்துக்காரர் என்ன சொன்னார் என்பது எழுதத் தக்கதல்ல. அவள் போனை வைத்துவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"ஏண்ணா இத்தனை நாள் சொல்லல?"

"ஊர்ல எல்லார்கிட்டயும் போய்க் கேள்வி கேட்குற. என்கிட்ட என்னைக்காவது கேட்டியா?"

கேட்கவில்லைதான். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நோட்டைத் திறந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு."

"கடை நேரம் பாரு..."

"கடையை நான் பார்த்துக்கறேன், சொல்லுங்க," என்றாள் அண்ணி.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பூப்போட்ட கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருந்தது. "அன்னைக்குக் காலையில சரியா ஒன்பது மணிக்கு..."

"பதினொண்ணு," என்றாள் அண்ணி. "ஒன்பதுன்னு எழுதாதே. ரெண்டு மணி நேரம் வீட்டு வாசல்ல நின்னுட்டு, உன்னைக் கூப்பிடப் பயந்து செருப்பைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்."

"யாரு? நானா?"

"பின்னே நானா?"

பத்திரிகைக்காரி இரண்டு நேரத்தையும் எழுதிக்கொண்டு, பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, அண்ணிக்கும் ஒரு பாதியை ஒதுக்கினாள்.