கடைசி அறைக்கு ஒரு பாயிண்டு

...மூன்று விளக்கு போதும் என்றுதான் இருதயநாதன் நினைத்திருந்தார், பசுக்கள் பக்கம் ஒன்று, உழவு மாடுகள் பக்கம் ஒன்று, வாசலில் ஒன்று. அறுபத்திரண்டு எலெக்‌ஷனுக்கு நட்ட கம்பங்களில் இப்போதுதான் கரண்டு ஓடுகிறது, கிணற்று மோட்டாருக்கு வந்தது மாட்டுக் கொட்டகை வரைக்கும் வருவதே பெரிது, ஆனால் இந்தத் தங்கமுத்து, திருக்கோகர்ணத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒயர்மேன், விளக்கும் சுவிட்சும் வருகிற இடமெல்லாம் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனவன், கொட்டகையின் கோடியில் போய் நின்றுவிட்டானே, வெளியே தாழ் போட்ட அந்தக் கதவுக்கு முன்னால். இருதயநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வைக்கோல் அறை என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம், வைக்கோலுக்கு எதற்கு விளக்கு... அதற்குள் உள்ளே சங்கிலி புரண்டது.

"உள்ள மாடு கட்டியிருக்கீங்களா ஐயா?"

"மாடு இல்ல தம்பி. என் கூடப்பொறந்தவன். புத்தி சரியில்ல."

ஒயர்மேன் கதவை ஒரு தடவை பார்த்தான், அவரை ஒரு தடவை பார்த்தான். "அப்ப அங்கிட்டும் ஒரு பாயிண்டு போட்றலாங்க" என்றான், ஏதோ தொட்டிப் பக்கம் ஒன்று போடலாம் என்பதுபோல. ஏன் தனக்கு அது தோன்றவில்லை? மாடுகளுக்குக்கூட லாந்தர் தொங்கியது, தம்பி லூர்துநாதனுக்கு இல்லை, வைக்கோல் போர் எரிந்த அன்றிலிருந்து அவன் இருக்கிற இடத்தில் லாந்தர் கூடாது, சிம்னி கூடாது, தீப்பெட்டி கூடாது... அவன்தான் வைத்தானா? எரிகிற போருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதானே எல்லோரும் பார்த்தது. ஆவூர்க் கோயிலில் தங்கவைத்தாயிற்று, மந்திரித்தாயிற்று, கசாயம் கொடுத்தாயிற்று, கடைசியில் கொட்டகையின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு தடுப்பு, சுவரோரம் அடித்த முளை, சங்கிலி. பொழுது சாயும்போது சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினால் அப்புறம் விடியும்வரை அவனுக்கு இருட்டு. கரண்டு விளக்கில்தான் நெருப்பில்லையே, சாக்குச் சொல்ல இனி என்ன இருக்கிறது?

தங்கமுத்து கதவு நிலையைத் தட்டிப் பார்த்தான். "சுவிட்சு உள்ளயா, வெளியவாங்க? வெளிய வச்சா நீங்கதான் வந்து போடணும், அணைக்கணும். உள்ள வச்சா அவுகளே போட்டுக்குவாக. ஆனா எதையாச்சும் நோண்டுற ஆளுன்னா வேணாங்க. மூடியத் திருகிட்டு வெரல விட்டா அம்புட்டுதான்."

அம்புட்டுதான். "உள்ளயே வச்சிருங்க தம்பி" என்றார் இருதயநாதன், சொல்லும்போதே நெஞ்சு இளகியது, பாவம், அவன் இஷ்டத்துக்கு என்று இத்தனை வருஷத்தில் என்ன இருந்தது, ஒரு விளக்காவது அவன் போட்டு அவன் அணைக்கட்டுமே... "கையெட்டுற மாதிரி வைங்க, முளைக்குப் பக்கத்துச் சொவத்துல." முளைக்குப் பக்கத்தில்? சங்கிலி எங்கே வரை எட்டும் என்று மனசு தானாக அளந்து வைத்திருக்கிறது, எந்தக் கை நீளும் என்று பார்த்து வைத்திருக்கிறது, அப்புறம் திருகிய மூடி, விரல், ஒரு காலை, கதவைத் திறந்தால் சத்தமில்லை. ஞானமணி ஓடிவந்து அழுவாள், நல்ல மனைவி, கொழுந்தனுக்காக ஒரு பொழுது அழுதுவிட்டு மறுநாள் இந்த அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுவாள், மகளுக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பிப் போக மாட்டார்கள், ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், கரண்டு எடுத்த உயிர்தானே... சேசுவே. சுண்ணாம்பு வரைக்கும் போயாயிற்றே. இதையெல்லாம் எப்போது நினைத்து வைத்தோம்? இப்போதா, கரண்டுக்கு எழுதிக்கொடுத்த அன்றா, அதற்கும் முன்னாலா? இளகிய நெஞ்சும் இந்த நெஞ்சுதானா? வேண்டாம் தம்பி, வெளியே வை என்று சொல்லவேண்டும், ஒரே வார்த்தை, தங்கமுத்து தாழை நீக்கப் போகிறான்...

"அண்ணே."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கரகரத்த குரல்தான், ஆனால் தெளிவாக, வயலில் மடை திறந்துவிட்டுக் கூப்பிடுகிற பழைய லூர்துநாதனின் குரல். அவன் அண்ணே என்று கூப்பிட்டு எத்தனை காலம்.

"வெளியவே வைக்கச் சொல்லுண்ணே."

தங்கமுத்துவின் கை தாழிலேயே நின்றது. "ஏன்டா?" என்று கேட்டார் இருதயநாதன், கேட்டது தனக்கே கேட்கவில்லை. பசு ஒன்று அசைபோட்டது. சங்கிலி அசையவில்லை.

"நீயே வந்து அணைச்சிரு."

ஒயர்மேன் அவர் முகத்தைப் பார்த்தான், அவர் தலையசைத்தார், கதவு நிலைக்கு வெளியே, அவர் தோள் உயரத்தில், சாக்பீஸ் வட்டம் விழுந்தது. சரியாகப் போய்விட்டது, நல்லதாகத்தான் முடிந்தது, ஆனால் அவன் விளக்கைத்தானே சொன்னான்? வேறு எதைச் சொல்வான், புத்தி சரியில்லாதவன்... தினம் பொழுது சாயும்போது தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்கையில் தன் முகத்தில் என்ன இருந்தது என்று இருதயநாதனுக்குத் தெரியாது, இருட்டில் அவனுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார், கதவுப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்குமே, உள்ளே இருக்கிறவனுக்கு அது போதுமே என்று இப்போதுதான் தோன்றியது. நாளைக்குச் சுவிட்சைப் போட்டதும் அவன் ஏறிட்டுப் பார்ப்பான். அந்த நேரம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது...