ஃபரீஹாவுக்காக ஓதிய சோறு

மைமூன் மாமிக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்ததாக ஃபரீஹாவுக்கு நினைவில்லை. நோன்புப் பெருநாளன்று குளுவாங்கிலிருந்து வந்த சொந்தங்கள் அத்தனை பேர் முன்னாலும், "இவளுக்கு நாற்காலி தாங்காதுலா, பாய விரிச்சு விடு" என்ற அதே வாய்தான், போன வெள்ளிக்கிழமை அவளுக்காக துஆ கேட்டு அழுதது.

பதினேழு வயது, நூற்று நாற்பத்திரண்டு கிலோ. நாளை மறுநாள் ஜொகூர் பாருவில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன். அதற்கு முன் இரண்டு வாரம் கரைத்த பால்மாவு தவிர எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பிரேமலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈரல் சுருங்கினால்தான் டாக்டர் அதை ஒதுக்கிவிட்டு இரைப்பையைத் தொட முடியும். பெருத்தே இருந்தால் கிழிந்து ரத்தம் கொட்டும்.

அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்த குடும்பம், ஆபரேஷன் நல்லபடியாக முடிய வீட்டில் நபி புகழ் பாடும் மவ்லிது ஓதி, கிடா அறுத்து பிரியாணி போட்டது. சாப்பாட்டுக் கடை நடத்தும், அவளைப் பெற்ற அத்தாவுக்கு வேறு எப்படித்தான் அல்லாஹ்விடம் கேட்கத் தெரியும்? ஓதிய சோற்றை வேண்டாமென்றால் அதில் இறங்கிய அருள், பரக்கத், போய்விடுமாம். டாக்டர் தடுத்தது ஓதாத வெறும் சோற்றைத்தானாம். மாமியே முதல் பிடியை ஊட்டினார்.

அதோடு நின்றிருந்தால் பழியை மாமி தலையில் கட்டியிருக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சத்தை நாலு நாளாகத் திருடித் தின்றது ஃபரீஹாவேதான். மாமியை நினைத்தால் வரும் அருவருப்பு, தன்னை நினைத்தால் இரண்டு மடங்காக வந்தது.

இரவு ஒரு மணிக்குப் பக்கத்தில் படுத்திருந்த மூத்தவள் நாஸியாவை எழுப்பி எல்லாவற்றையும் கொட்டினாள். இப்போது சொன்னால் தேதி தள்ளிப்போகும், அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், மாமி ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார் என்றாள் நாஸியா.

"சிரிக்கட்டும். நான் செத்தா வந்து அழுவாங்க, அதுக்கும் சோறாக்குவாங்க. எனக்குப் பயமா இருக்கு லாத்தா."

நாஸியா போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அப்போதே ஃபரீஹா அனுப்பிய செய்திக்கு, காலை ஏழு மணிக்குப் பிரேமலாவின் குரல் பதில் வந்தது. "நல்ல வேளை சொன்னே. டாக்டர்கிட்ட நான் பேசுறேன், ஒரு மாசம் தள்ளும். என்னென்ன சாப்பிட்டே, எவ்வளவு, மறைக்காம எழுதி அனுப்பு."

ஃபரீஹா எழுதத் தொடங்கினாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த நாஸியா, "எனக்கு எடுத்து வச்சிருந்ததையும் நீதான தின்னே? அதையும் போடு" என்றாள்.