விரிசலுக்கு எழுதிய தேதி

என் தம்பி வாயைத் திறந்தால் ஊரே தலையாட்டும். நான் வாயைத் திறந்தால் என் மனைவிகூட அடுப்படியில் ஏதோ வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவாள். அதனால்தான் எங்கள் குடியிருப்பில் அவன் சங்கச் செயலாளர், நான் சங்கத்துக்கு ஓசியில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவ்வளவு பெரிய ஏமாந்த சோணகிரி நான்.

குடியிருப்பு என்றால் இரண்டு கட்டடங்கள், நடுவில் சைக்கிள் நிறுத்துகிற முற்றம். முன் கட்டடம் பெரிய சாலையைப் பார்த்தபடி நிற்கும். அதில் முதல் மாடியில் தம்பி குடும்பம். பின் கட்டடத்துக்கு ரயில் பாதைதான் வாசல். அதில் மூன்றாவது மாடியில் முப்பது வருடமாக நானும் மனைவியும். எங்களுக்கு நேர் கீழே தையல்கார அக்கா. அவர் தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்தவர். யாருக்கு எப்போது தொப்பை விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னைப் பெரிய தம்பி என்பார், என் தம்பியைச் சின்னத் தம்பி என்பார்.

வேலைக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரில் விரிசலைப் பார்த்தால் உடனே பூச மாட்டேன். அது முடிகிற நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவேன். சில மாதம் கழித்து வந்து பார்ப்பேன். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் புது நுனியில் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. தாண்டவில்லை என்றால் ஒன்றும் எழுத மாட்டேன். நகராத விரிசல் முகத்துச் சுருக்கம் மாதிரி, பார்க்க நன்றாக இருக்காது, ஆளைக் கொல்லாது.

பின் கட்டடத்தில் என் கையெழுத்து இல்லாத வீடே கிடையாது. ரயில் அதிர்வில் ஆரம்ப காலத்தில் சுவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன, பிறகு அப்படியே நிலைத்துவிட்டன. அங்கே நான் எழுதிய கடைசித் தேதிக்குப் பதினோரு வயது. ஓய்ந்த விரிசலைப் பூச யாரும் அவசரப்படவில்லை, நாள்காட்டியை மாட்டி மறைத்துக்கொண்டார்கள். தையல்கார அக்காவின் மகள் எண் படித்ததே என் தேதிகளைப் பார்த்துத்தான்.

அப்போதுதான் மாநகராட்சியின் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. உறுதியான கட்டடம் என்றால் ஆட்களை வைத்துக்கொண்டே பழுதுபார்த்து வெள்ளையடித்துத் தருவார்களாம். உறுதியில்லை என்றால் இடித்துவிட்டு, குடியிருப்பவர்களை நகரத்துக்கு வெளியே இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் கட்டிப்போட்ட வீடுகளுக்கு அனுப்புவார்களாம். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அளக்க வருபவனை யார்தான் வீட்டுக்குள் விடுவார்கள்?

தம்பி முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேசினான். எதையும் மறைக்க வேண்டாம், விரிசல் கண்ணில் பட்டால்தான் பழுதுபார்ப்பில் சேர்ப்பார்கள், மூடி வைத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்றான். நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் தையல்கார அக்கா மாடியேறி என்னிடம் வந்தார்.

"சின்னத் தம்பி சொல்றாரு, சரி. நீங்க சொல்லுங்க பெரிய தம்பி. கதவைத் திறக்கட்டுமா?"

"தைரியமாத் திறங்கக்கா. அவன் என் கூடப் பிறந்தவன்."

நான் அப்படிச் சொன்னேன் என்று ஒவ்வொரு மாடிக்கும் அவரே போய்ச் சொன்னார். நாள்காட்டிகளை ஆணியிலிருந்து கழற்றி வைத்தது நான்தான்.

அதே மாதம் தம்பி தன் வீட்டுக் கூடத்தைப் பூசித் தரச் சொன்னான். மாமியார் வீட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களாம். அவன் வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து கதவு நிலை வரைக்கும் ஒரு விரிசல். அதில் நான்கு தேதிகள், நான்கும் ஒன்றரை வருடத்துக்குள் எழுதியவை. இரண்டு கட்டடத்திலும் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். இப்போது பூசினால் மறுபடி வாயைப் பிளக்கும், கொஞ்சம் பொறு என்றேன். கொஞ்ச நாள் தாங்கினால் போதும் என்றான். சரி, கூடப் பிறந்தவன் கேட்கிறான். கொத்திவிட்டு, வலை வைத்து, சாந்து ஏற்றி, தேய்த்து, இரண்டு கை வண்ணமும் அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சுவரா கண்ணாடியா மாமா இது?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆய்வுக்கு ஒரு பொறியாளரும் படமெடுக்க ஒரு பெண்ணும் வந்தார்கள். தம்பி கூடவே வந்தான். பின் கட்டடத்தில் அந்தப் பெண் ஒரு தேதி விடாமல் படமெடுத்தாள். என் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இதை எப்படிப் படிப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். செயலாளர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார் என்று பொறியாளர் கையைக் காட்டினார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையிலும் ஏதோ விரிசல் தேடுகிறான் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. முற்றத்தில் எல்லோரையும் கூட்டி ஓர் அலுவலர் படித்தார். முன் கட்டடம் உறுதியானது, புதுப்பிக்கப்படும். பின் கட்டடம் வாழத் தகுதியற்றது, இடிக்கப்படும். விரிசல்கள் தொடர்ந்து வளர்ந்துவருவதைக் குடியிருப்பவர்களே பல ஆண்டுகளாகத் தேதியிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தப் பதிவுகள் உண்மையானவை, அவற்றின் பொருளும் இதுதான் என்று குடியிருப்போர் சார்பில் செயலாளர் கையொப்பமிட்டிருக்கிறார்.

அலுவலர் கடைசி வரியைப் படித்தபோது நான் கூட்டத்தில் தம்பியைத் தேடினேன். ஆளைக் காணோம்.

தையல்கார அக்கா அந்தப் படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே, கொத்தனாரே?"

ஆமாம் என்றேன். பெரிய தம்பி என்று அவர் என்னை அழைத்தது அதற்கு முந்தைய நாளோடு சரி.

நான் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். பதினோரு வருடமாகத் தேதி இல்லை என்றால் பதினோரு வருடமாகச் சுவர் அசையவில்லை என்று அர்த்தம் என்று பொறியாளரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தேதி நின்றது எழுதுவதை விட்டதால்தான் என்று செயலாளர் விளக்கியிருப்பதாகச் சொல்லி, அவர் கோப்பைப் புரட்டிக் காட்டினார். செயலாளர் இரண்டு வருடம் கொத்து வேலை பார்த்தவர், இந்தக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தவர் என்று அதில் எழுதியிருந்தது. பொய்யே இல்லை. சங்கம், மேடை என்றெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வருடம் என்னோடுதான் சாந்து குழைத்தான். கோட்டைத் தாண்டாத விரிசலுக்குத் தேதி கிடையாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். தெரியாமல் செய்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

பின் கட்டடம் காலியாகத் தொடங்கியது. படிக்கட்டில் எதிரே வருபவர்கள் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டார்கள். அது மரியாதை இல்லை. தையல்கார அக்கா இயந்திரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிய அன்று உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் மனைவி எங்கள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். உங்கள் தம்பியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையே நாளுக்கு நான்கு தடவை சொன்னாள்.

நாங்கள் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி ஆளனுப்பிக் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். திட்டுவதா, போனால் போகிறதென்று விட்டுவிடுவதா என்று குழம்பிக்கொண்டே சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். பழக்க தோஷம், பென்சில் மட்டும் அந்தச் சட்டைப் பைக்கும் வந்துவிட்டது.

கூடத்தில் சாந்து மூட்டையும் சட்டியும் தயாராக இருந்தன. போன தடவை நான் மறந்துவிட்டுப்போன கொத்துக்கரண்டியைக் கழுவித் துடைத்து நாற்காலியில் வைத்திருந்தான். சுவரில் என் பூச்சைப் பிளந்துகொண்டு விரிசல் வெளியே வந்திருந்தது, கதவு நிலையையும் தாண்டி.

"அடுத்த வாரம் கடைசி ஆய்வுண்ணே. ஒரே ஒரு பூச்சு. உன் கைதான் வேணும்."

நான் சாந்து மூட்டையைக் காட்டினேன்.

"இதுக்கா கூப்பிட்டே?"

"ரெண்டுல ஒரு கட்டடத்தைத்தான் காப்பாத்த முடியும்னு ஆபீஸ்ல முதல்லயே சொல்லிட்டாங்க. நான் வேற என்ன பண்ணுவேன்? உனக்கும் அங்க புது வீடு கிடைக்குதுல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ பூசியிருக்க மாட்டே."

சமையலறை வாசலில் அவன் மனைவி கையில் தேநீரோடு நின்றிருந்தாள். இந்தக் கட்டடத்தில் ஒரு பாவமும் அறியாத முப்பது குடும்பங்கள் இருக்கின்றன. நான் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் அவர்களும் மூட்டை கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தச் சுவரை நம்பித் தூங்குவார்கள். எந்தப் பக்கம் போனாலும் என் தலைதான் உருளும்படி நன்றாகத்தான் கட்டி வைத்திருந்தான் என் தம்பி.

சுவரருகே போனேன். பையிலிருந்து பென்சிலை எடுத்து நுனியில் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் அன்றைய தேதி. இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றை அன்று செய்தேன். தேதிக்குக் கீழே முழுக் கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகு கொத்துக்கரண்டியை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"உனக்குப் படிக்கத் தெரியும், பூசவும் தெரியும். இதை மூடணும்னா உன் கையால மூடு. மூட மனசு வரலைன்னா, ஆய்வுக்கு வர்றவங்க பார்க்கட்டும்."

தேநீரைக் குடிக்காமல் இறங்கினேன். அவன் பின்னாலேயே வந்து என் கையைப் பிடிப்பான் என்று ஒவ்வொரு படியிலும் எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முற்றத்தில் ஒரு நிமிடம் நின்றுகூடப் பார்த்தேன். முதல் மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் கேட்டது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அவசரப்படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே குழைத்துக்கொண்டிருந்தான்.