மைனாவுக்குப் பதில் பம்பரம்

மஞ்சள் மழைக்கோட்டு மலையிறங்கிப் போய்ச் சற்று நேரம் ஆகிவிட்டது. அதைப் போட்டிருந்த மைனாவின் இருமல் மட்டும் மேலே, பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது.

அவள் பாதையின் நடுவே நின்றுவிட்டாள். மைனாவை டிரைவர் அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்தது அவள்தான். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இருந்த பையை அவர் தோளில் மாட்டியதும் அவள்தான். இருவரும் வளைவில் மறைகிற வரை கையாட்டியதும் அவள்தான். அப்படியென்றால் மேலே இருமுவது யார்?

ஊரில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க முகம் முகமாகப் பார்த்து, கடைசியில் முகம் மட்டும் மனதில் நிற்பதில்லை, ஃப்ரேம்தான் நிற்கும். சொந்தத் தாய்மாமன் புது ஃப்ரேம் மாட்டிக்கொண்டு வந்தபோது, "உக்காருங்க சார், பவர் செக் பண்ணணுமா?" என்று கேட்டவள் அவள். அப்படிப்பட்டவள் நீண்ட லீவு போட்டுவிட்டு, கடல் தாண்டி, பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகளின் இல்லத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போவதாகச் சொன்னதும் கூடப்பிறந்த அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். "சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டா. இவ வெளிநாடு போய் சேவை பண்ணப் போறாளாம்."

அந்த ரோஷத்தில்தான் வந்த வாரமே பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகத் தலையாட்டிவிட்டாள். நாடு வேறானாலும், எப்போதோ வந்து குடியேறியவர்கள் நடத்தும் இல்லம் அது. உள்ளே புழங்கியது தமிழ்தான். வார்டன் அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "மைனாவுக்கு இழுப்பு இருக்கு. பாதி வழியில கொட்டகை வரும். அதுக்கு மேல அவளை ஏத்தாதீங்க, காத்து ஆகாது. டிரைவரோட கீழ அனுப்பிடுங்க. போன குளிருக்கு ஆஸ்பத்திரியில போராடித்தான் அவளை மீட்டோம்."

முகம் நிற்காதே என்று அவள் ஆளுக்கொரு நிறத்தில் மழைக்கோட்டு மாட்டிவிட்டிருந்தாள். மைனா மஞ்சள். வாயும் காலும் ஓயாத பம்பரம் நீலம். மூத்தவளான தலைவி சிவப்பு. மிச்சமிருந்த வாண்டு பச்சை. கொட்டகையில் தூறல் பிடித்தபோது எல்லோரும் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டார்கள். நிறம் இருக்கிறதே என்று அவளும் கவலைப்படவில்லை.

இப்போது மூச்சிரைக்க மேலே ஓடினாள். பாறை ஒன்றில் நீலக் கோட்டு குனிந்து உட்கார்ந்திருந்தது. முதுகு ஏறி ஏறி இறங்கியது. தொப்பியை விலக்கிப் பார்த்தாள்.

"நீ மைனாதானே?"

"ஆமாக்கா."

"அப்ப கீழ போனது?"

"பம்பரம்," என்றாள் தலைவி, மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல. "கொட்டகைக்குப் பின்னாடி கோட்டை மாத்திக்கிட்டாங்க. பம்பரம் நல்லா இருமுவா கண்ணாடிக்கா. மைனாவை விட நல்லா இருமுவா."

உண்மைதான். அந்த இருமலைக் கேட்டு மனசு தாங்காமல் அவள் ஒரு மிட்டாய் வேறு கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"எதுக்குடி இப்படிப் பண்ணீங்க?"

தலைவிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "முறைதான்க்கா. ஜன்னலோரக் கட்டில் வாரத்துக்கு ஒருத்தருக்கு. புதுப் போர்வை முறை. கடைசியாக் குளிக்கிறது முறை. எங்கயாவது கூட்டிட்டுப் போனா ஒருத்தர் நின்னுதானே ஆகணும்? எப்பப் பாரு மைனாவே நிக்கிறா. இந்தத் தடவை பம்பரம்."

"அவளுக்கு உடம்பு சரியில்லடி."

"அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

கடையில் பதில் தெரியாத கேள்வி வந்தால் மேனேஜரைக் கூப்பிடுகிறேன் என்று நழுவிவிடலாம். இங்கே மேனேஜரும் அவளே. போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் செத்துக் கிடந்தது. மைனாவின் நெஞ்சிலிருந்து மெல்லிய சீழ்க்கை வந்துகொண்டிருந்தது. பம்ப் இருந்ததோ கீழே போன பையில்.

"எல்லாரும் கீழ இறங்குங்க."

"நான் மட்டும்... இறங்கறேன். அவங்க... போகட்டும்."

"நீ பேசாத."

மைனாவை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். காதருகே அந்தச் சீழ்க்கை. இப்படிக் குலுக்கிக்கொண்டு போவது சரியா? இறக்கி உட்கார வைத்தாள். உட்கார வைத்தால் பம்ப் நடந்து வருமா? மறுபடி தூக்கினாள். நாலடி போனதும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. தன் சால்வையை அவிழ்த்துப் போர்த்துவதற்காக மறுபடி இறக்கினாள்.

"ஏதாவது ஒண்ணு பண்ணுங்கக்கா," என்றாள் மைனா, மூச்சுக்கு நடுவே.

அப்போது கீழிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். டிரைவர் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பின்னால் மஞ்சள் கோட்டில் பம்பரம், வாயில் மிட்டாயோடு.

"என்ன தங்கச்சி, ஆளை மாத்திக் குடுத்திட்டியே. பாவம்னு கையப் பிடிச்சு மெதுவாக் கூட்டிட்டுப் போறேன், இது பாட்டுக்கு விசில் அடிக்குது. இழுப்பு உள்ள பிள்ளை எப்படிம்மா விசில் அடிக்கும்?"

அவள் பையைப் பிடுங்கினாள். பம்பை மைனாவே வாங்கிக் கொஞ்சமும் பதறாமல் அடித்துக்கொண்டாள். எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீழ்க்கை மெலிந்தது. பிறகு நின்றது. வெளுத்திருந்த உதட்டில் நிறம் திரும்பியது.

"இப்ப போலாமா?" என்றாள் மைனா, உச்சிப் பக்கம் கையைக் காட்டி.

பதிலுக்காக எல்லார் கண்களும் அவள் மேல் வந்து நின்றன.

"உச்சி ரொம்ப தூரமில்ல," என்றார் டிரைவர். "வேணா நான் தோள்ல தூக்கிட்டு வரேன்."

சரி என்ற சொல்லும் வேண்டாம் என்ற சொல்லும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. பம்ப்தான் கைக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்? அங்கே காற்றில் மறுபடி இழுத்துக்கொண்டால், இதே பம்ப் கேட்குமா? நேற்று வந்து நாளைக்குப் போகிறவள், இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட நியாயத்தைக் கலைக்க யார்? யாராக இருந்தாலும், இழுக்கப்போவது மைனாவின் மூச்சு அல்லவா?

"வேண்டாம்," என்றாள் கடைசியில். "நானும் மைனாவும் கொட்டகையில இருக்கோம். அண்ணே, நீங்க இவங்களைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

"நான் நிக்கிறேன், அக்கா போகட்டும்," என்றாள் பம்பரம்.

"விடுடி. இன்னிக்கு அக்கா முறைன்னு வெச்சுக்கலாம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தலைவி நடந்தாள்.

ஒருவரும் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

கொட்டகையில் மைனா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே, யாரோ துணியால் துடைத்த கண்ணாடிபோல மூட்டம் பளிச்சென்று விலகியது. மரங்கள் தெரிந்தன, வெயில் விழுந்தது. இந்த மூட்டம் இப்போதுதானா விலக வேண்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, வளைவுக்கு அப்பால் ஒரே சிரிப்பும் கூச்சலும் கேட்டன. கொட்டகை கண்ணில் பட்டதும் சொல்லிவைத்தாற்போல் சத்தம் அடங்கியது. நல்ல பிள்ளைகளாக வரிசையில் வந்தார்கள்.

"என்னடி பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரே மூட்டம்," என்றாள் தலைவி.

"வெறும் கல்லு," என்றாள் பம்பரம்.

"கால் வலிச்சதுதான் மிச்சம்," என்றது வாண்டு.

தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு மூவரும் மூலைக்குப் போனார்கள். அவள் வெளியே பார்த்தாள். வானத்தில் பஞ்சுத் துணுக்குகூட இல்லை.

"பொய்," என்றாள் மைனா மெதுவாக. "எப்பவும் இப்படித்தான். சினிமாவுக்குப் போனா படம் நல்லால்லம்பாங்க. கடலுக்குப் போனா தண்ணி அழுக்கும்பாங்க. நான் போகாத எடம் ஒண்ணுகூட நல்லால்லக்கா."

"உனக்குக் கோபம் வராதா?"

"நல்லாருந்துச்சுன்னு வந்து சொன்னாத்தான் வரும்."

அவள் அதை யோசித்து முடிப்பதற்குள் டிரைவர் அண்ணன் முகமெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தார். "தங்கச்சி, நீ வந்திருக்கணும். ஆறு அப்படியே வெள்ளிக் கம்பி மாதிரி..."

மூலையில் தண்ணீர் குடித்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். மைனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல மூட்டம்தானேண்ணே?" என்றாள் அவள், சற்று உரக்கவே.

டிரைவர் வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆமா," என்றார். "மூட்டம்தான். கைய நீட்டினா கை தெரியல."

மைனா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அப்ப வாங்க, பசிக்குது," என்றாள்.