டிரெசர் பார்க்காத வாய்

ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரெசர் இக்னேஷியஸ், பிணத்தின் வாயைத் திறந்து பார்க்காமல் சாவுக்குக் காரணம் எழுதமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் மூன்று வருடத்தில் பதினோரு பேருக்குக் கன்னத்தில் புற்று என்று எழுதினார். 1934-இல் அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸில் புற்று அடியோடு நின்றுபோய், எல்லாச் சாவும் பழையபடி 'காய்ச்சல்' ஆனது. கிள்ளானில் அந்த வருடமே ஒன்பது புற்று.

"அந்த ஆளுதான் நோயக் கொண்டாந்துட்டான்," என்று ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். எண்ணிக்கை கூடினால் எண்ணுகிறவன்தானே குற்றவாளி!

"பாக்காம இருந்தா இல்லாமப் போயிடுமா?" என்று இக்னேஷியஸ் வீட்டில் எரிந்து விழுந்தார்.

தூக்கத்திலும் வெற்றிலை புகையிலையை அடக்கிவைக்கும் மனைவி உர்சுலா, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என் வாய மட்டும் பாத்துராதீங்க."

அவர் பார்க்கவில்லை. அடுத்த வருடம் சாவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'காய்ச்சல்' என்று அவரே எழுதினார்.