கருவிக்கு அடியில் ஒரு கைக்குட்டை

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். குட்டிக்கு உள்காது வேலை செய்கிறதா, இல்லையா? பிறக்கும்போதே இரண்டு காதும் மொட்டு மாதிரி சுருண்டிருந்தன, துவாரமே இல்லை. கர்ப்பத்தில் நான் கண்ட கண்ட மாத்திரையையும் தின்றதுதான் காரணம் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

மரபணு டாக்டர் குட்டியை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். காதுக்கு முன்னால் அவருக்குப் பிறவியிலிருந்தே ஊசிமுனை அளவு ஒரு குழி. இடது காதும் கொஞ்சம் மந்தம். அதே மரபணு மாற்றம்தான் மகளிடம் பலமாக வந்திருக்கிறது, யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். மாமியாரிடம் இதை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சும்மா, ஆசைக்கு.

இன்று பரிசோதனை. தலைப்பட்டையில் கோத்த கருவி மண்டை எலும்பை அதிரவைத்து ஒலியை நேராக உள்காதுக்கு அனுப்பும். உள்காது நன்றாக இருந்தால் குட்டி திரும்புவாள். இல்லையென்றால் இந்தக் கருவியால் பிரயோஜனம் இல்லை.

பரிசோதனை செய்யும் அம்மா பட்டையைக் கட்டிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். ஒலி வந்தது. குட்டி என் பை வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒலியைக் கூட்டினார். ம்ஹும்.

வீட்டுக்காரர் குனிந்து பட்டையைத் தூக்கிப் பார்த்தார். கருவிக்கு அடியில் நான்காக மடித்த கைக்குட்டை.

"இதை யாரு வெச்சா?"

நான்தான். பிஞ்சு மண்டையில் கருவியின் வட்டத் தகடு அழுத்துகிறதே என்று மனசு கேட்காமல், அந்த அம்மா நகர்ந்ததும் நைசாகச் செருகியிருந்தேன். வீட்டுக்காரர் கார் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்து, கோளாறு எங்கே என்று கேட்பவர். நடுவில் துணி வந்தால் ஒரு சத்தமும் ஏறாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் எங்கே கேட்டேன்?

கைக்குட்டையை உருவினார். அந்த அம்மா வந்து பட்டையைச் சரிபார்த்துவிட்டு மறுபடி தொடங்கினார். முதல் ஒலிக்குச் சப்புவது நின்றது. இரண்டாவதற்குக் கண் விரிந்தது. மூன்றாவதற்குத் தலையைத் திருப்பி அறை முழுக்கத் தேடினாள்.

"கேக்குதும்மா. நல்லாவே கேக்குது. நீங்க பேசுங்க."

எட்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சில் எதை முதலில் சொல்வது என்று தேடினேன். அதற்குள் வீட்டுக்காரர் அழுகையும் சிரிப்புமாக, கேக்குதாடி கேக்குதாடி என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்துவிட்டார்.

"கொஞ்சம் வாயை மூடுய்யா, எம்புள்ளைகிட்ட நான் பேசணும்!"

கத்தியேவிட்டேன். குட்டி சட்டென்று என் பக்கம் திரும்பி, என் வாயையே பார்த்து, ஈறு தெரியச் சிரித்தாள். செல்லப் பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே அவள் அப்பாவை இன்னும் கொஞ்சம் திட்டினேன்.